மாதம் ஒரு மனசு

மதுரை செல்லூரில் ஜனகராஜின் மாவு மில்லில் மிளகாய் வத்தல் அரைக்கிற நாளில் அழாமல் நிற்பது கஷ்டம். பெண்கள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வடிய வரிசையில் நிற்பார்கள். ஜனகராஜ் ஈரத்துணி வைத்திருப்பார், கேட்பவர்களுக்குக் கொடுப்பார். வருசக்கணக்காக இதுதான் நடக்கிறது. இதில் விசேஷம் எதுவும் இருப்பதாக அவருக்கோ அழுதவர்களுக்கோ தோன்றியதில்லை.

அப்படி ஒரு நாளில்தான் மனத்துணை இயக்கத்தின் மாவட்ட இயக்குநர் நல்லகாமன் அங்கே வந்து சேர்ந்தார். கார் சந்துக்குள் நுழையாததால் நடந்து வர வேண்டியிருந்தது. அதனால் வரும்போதே கொஞ்சம் கோபமாக இருந்தார்.

மனம் உடைந்து போகிறவர்களுக்கு, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை பக்கத்தில் இருந்து கைகொடுக்க வேண்டும். அதற்காக வார்டுவாரியாகச் சாதாரண ஜனங்களையே பொறுக்கியெடுத்துப் பயிற்சி கொடுப்பதுதான் இயக்கத்தின் வேலை. அது அரசாங்கத்தைச் சேர்ந்ததா, டிரஸ்டா, கம்பெனியா என்பது ஜனகராஜுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. இயக்கத்தின் பேனரில் மூன்று சின்னங்கள் இருந்தன. எந்தச் சின்னம் யாருடையது என்று நல்லகாமனும் சொன்னதில்லை.

மில் வாசலில் நின்று நல்லகாமன் உள்ளே பார்த்தார். ஏழெட்டுப் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு மனிதர் வாயே திறக்காமல் அவர்களுக்குக் கண் துடைக்கத் துணி கொடுத்துக்கொண்டிருந்தார்.

"கிரிதரன், பாத்தீங்களா?" என்றார் நல்லகாமன், கூட வந்த வட்டார ஒருங்கிணைப்பாளரிடம். கிரிதரன் இருபத்தெட்டு வயதுப் பையன். கையில் டேப்லெட், தோளில் பை, பைக்குள் இயக்குநரின் தண்ணீர் பாட்டில். "ஒரே இடத்துல இம்புட்டுப் பேரு மனசு விட்டு அழுது நான் பாத்ததே இல்ல. இவரு பாருங்க, ஒரு வார்த்தை பேசல. பிறவி ஆலோசகர். எனக்கே கண்ணு கலங்குது. இதுக்குப் பேருதான் எம்பதி."

மெஷினை நிறுத்திவிட்டு ஜனகராஜ் வெளியே வந்தார். "சார், அது வத்தல்..."

"மனசு வத்திப்போச்சுன்னு மக்கள் சொல்றாங்க. எழுதிக்கங்க கிரிதரன்."

கிரிதரன் ஜனகராஜைப் பார்த்தான். ஜனகராஜ் கிரிதரனைப் பார்த்தார். கிரிதரன் ஒரு தும்மல் போட்டுவிட்டு எழுதிக்கொண்டான்.

"நான் மில்லுக்காரன் சார். எனக்கு இதெல்லாம் தெரியாதே."

"தெரியாதவங்களுக்குத்தான் பயிற்சி. தெரிஞ்சவங்கள வச்சு நாங்க என்ன பண்றது?" என்றார் நல்லகாமன்.

பயிற்சி காளவாசலில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மாவட்டத்தின் பல பகுதிகளிலிருந்து இருநூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். செல்லூரிலிருந்து ஜனகராஜோடு ஷேர் ஆட்டோ ஓட்டும் பாதுஷாவும் வந்திருந்தார். மதியம் பிரியாணி என்று யாரோ சொன்னதைக் கேட்டு வந்தவர் அவர். வந்தது லெமன் சாதம். ஆனால் அதற்குள் அவர் கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிவிட்டார்கள்.

காலை முழுவதும் 'காது கொடுத்துக் கேட்பது எப்படி' என்ற தலைப்பில் நல்லகாமன் பேசினார். "எதிரில் இருப்பவர் பேசுவதை இடைமறிக்கக் கூடாது" என்று அவர் சொல்லும்போது மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். சபியா என்று பெயர் சொன்னாள். "சார், என் தம்பி ரெண்டு மாசமா ரூமை விட்டு வெளிய வர்றதில்ல. யாருகிட்டயும் பேசுறதில்ல. நான் என்ன செய்யணும்?"

"கேள்வி நேரம் கடைசியில இருக்கும்மா. உக்காருங்க."

கடைசியில் குரூப் போட்டோ இருந்தது. கேள்வி நேரம் இல்லை. மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த கிரிதரன் அதைப் போட்டுவிட்டு வாசல்வரை ஓடி, சபியாவை நிறுத்தி, வீட்டு விலாசம் கேட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனே அங்கே போய்த் தம்பியின் கதவுக்கு வெளியே உட்கார்ந்து பேசிவிட்டு வந்தான் என்று பின்னால் பாதுஷா சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வேலை நாளில்லை என்பதால் அது இயக்கத்தின் கணக்கில் வரவில்லை.

நெருக்கடியில் இருப்பவரிடம் நடந்துகொள்ள வேண்டிய முறைக்கு 'ஏழு அகரம்' என்று பெயர். அணுகு, அமர், அறிமுகம் செய், அமைதி கா, ஆறுதல் சொல், அனுப்பு, அப்டேட் செய். எல்லோரையும் எழுந்து நின்று சொல்லச் சொன்னார்கள். சொன்னார்கள்.

பாதுஷா கை தூக்கினார். "சார், ஏழும் அகரம்ங்கிறீங்க. ஆறுதல் ஆவன்னாவுல இருக்கே?"

நல்லகாமன் ஒரு நிமிடம் யோசித்தார். "அதனாலதான் அதை மட்டும் ஆப்ஷனலா வச்சிருக்கோம்," என்றார். "கடைசி அகரம் கட்டாயம். அப்டேட் பண்ணாம ஒருத்தரைக் காப்பாத்துறதும் காப்பாத்தாம விடுறதும் ஒண்ணுதான்."

அப்டேட் செய்ய போனில் ஒரு ஆப் ஏற்றிக் கொடுத்தார்கள். திறந்தால் ஒரு மஞ்சள் முகம் சிரிக்கும். மாதத்துக்கு ஒரு ஆளையாவது மீட்டதாகப் பதிவு செய்யாவிட்டால் அது சிரிப்பை நிறுத்தும்; பிறகு சிவப்பாகும்; பிறகு அழும். "மாதம் ஒரு மனசு! அதுதான் நம்ம இலக்கு!" என்று நல்லகாமன் முழங்கினார். கைதட்டல் கிடைத்தது. மாவட்டத்தில் மாதா மாதம் அத்தனை பேர் நொறுங்கிப்போக வேண்டும் என்று கேட்பதுபோல் இருக்கிறதே என்று ஜனகராஜுக்குப் பட்டது. ஆனால் பயிற்சி பெற்றவர்கள் யாருமே அப்படி நினைத்ததாகத் தெரியாததால் அவரும் கைதட்டினார்.

முதல் மாதம் முகம் சிரிப்பை நிறுத்தியது. ஜனகராஜ் அதைக் கண்டுகொள்ளவில்லை. இரண்டாம் மாதம் சிவந்ததும் ஆபீஸிலிருந்து போன் மேல் போன் வந்தது. வேறு வழியில்லாமல் அவர் மில்லுக்கு வருகிறவர்களின் முகத்தை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்.

"முத்துத்தாயி, ஏன் ஒரு மாதிரி இருக்க? மனசுல ஏதும் பாரமா?"

"தலையில கேப்பை மூட்டை இருக்குல்ல. மொதல்ல இறக்கி விடுங்கண்ணே," என்றாள் முத்துத்தாய்.

அவர் கேட்கிறார் என்ற செய்தி தெருவில் பரவியது. ஜனகராஜைக் கண்டதும் ஜனங்கள் பல்லைக் காட்டிச் சிரிக்க ஆரம்பித்தார்கள். வத்தல் நாளிலும் சிரித்துக்கொண்டே கண்ணீர் விட்டார்கள். சிலர் எதற்கு வம்பு என்று வேறு மில்லுக்குப் போனார்கள்.

பாதுஷாவின் நிலைமை இன்னும் மோசம். வைகைக் கரையில் ஒரு ஆள் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஆட்டோவை நிறுத்தினார். அணுகினார். அமர்ந்தார். அறிமுகம் செய்துகொண்டார். அமைதி காத்தார். அந்த ஆளுக்குப் பல்வலி. முன்பின் தெரியாத ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பேசாமல் தன்னையே பார்த்துக்கொண்டிருந்ததும் அவன் எழுந்து ஓடிவிட்டான். "பதிவு போடலாம்னு பாத்தா, 'மீட்கப்பட்டார்', 'அனுப்பப்பட்டார்'னு ரெண்டுதாண்ணே இருக்கு. 'ஓடிட்டார்'னு ஒண்ணு இல்ல," என்றார் பாதுஷா.

ஜனகராஜ் கடைசியாகத் தன் மனைவி பத்மாசினியிடம் போனார். "உனக்கு மனசுல ஏதும் கஷ்டம் இருக்கா?"

பத்மாசினி அடுப்பை அணைத்தாள். "கல்யாணம் ஆனதுலருந்து கேக்காததை இன்னைக்குக் கேக்குறீங்க. உக்காருங்க," என்றாள். சாயங்காலம் வரை பேசினாள். அதில் பாதி ஜனகராஜுக்குப் புதுச் செய்தி. எல்லாம் கேட்டு முடித்து, கனத்த மனத்தோடு அவர் ஆப்பைத் திறந்தார். குடும்ப உறுப்பினர்கள் கணக்கில் சேர மாட்டார்கள் என்று அது சொன்னது.

மூன்றாம் மாதம் முகம் அழுதது. அந்த வாரத்தில் ஒரு மத்தியானம் கிரிதரன் மில்லுக்கு வந்தான். இலக்கை எட்டாதவர்களை நேரில் கண்டு ஊக்குவிக்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கரண்ட் போயிருந்ததால் மெஷின் ஓடவில்லை. ஜனகராஜ் ஸ்டூலை இழுத்துப் போட்டார். கிரிதரன் உட்கார்ந்தான். ஊக்குவிக்கவில்லை. சும்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது.

"வத்தல் நெடியா தம்பி? கொஞ்சம் வெளிய உக்காருவமா?"

"இன்னைக்குக் கோதுமைதானண்ணே அரைச்சிருக்கீங்க."

ஜனகராஜ் திரும்பி மெஷினைப் பார்த்தார். கோதுமைதான்.

மறுபடி அவன் முகத்தைப் பார்த்தார். ஊரில் உள்ளவன் முகத்தையெல்லாம் உற்றுப் பார்த்தவர், மாதா மாதம் வந்துபோன இந்தப் பையனின் முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. சட்டை தொளதொளவென்று தொங்கியது.

"தூக்கம் இல்லண்ணே. விளாங்குடில ரூம்ல இருக்கேன். காலையில பஸ் ஸ்டாப்புல வந்து நிக்கிறேன், பஸ் வருது, ஏறத் தோண மாட்டேங்குது. அடுத்ததுல போவோம்னு விட்டுர்றேன். அதுவும் வருது. ஆபீஸுக்குப் போனா எத்தனை மனசு, எத்தனை மனசுன்னு கேக்குறாங்க. இருந்து என்ன செய்யப் போறோம்னு ஆகிப்போச்சு."

ஜனகராஜுக்குப் பயம் வந்துவிட்டது. பயத்தில் பயிற்சிதான் ஞாபகம் வந்தது. அணுகியாகிவிட்டது. அமர்ந்தும் ஆகிவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டார். "என் பேரு ஜனகராஜ். நான் ஒரு மனத்துணைவர்."

"தெரியும்ணே. உங்களுக்குக் கார்டு போட்டுக் குடுத்ததே நான்தான்."

அடுத்தது அமைதி. ஜனகராஜ் அமைதி காத்தார். அமைதி அவரால் தாங்க முடியாததாக இருந்தது. ஆறுதல் ஆப்ஷனல் என்பதால் அதைப் பற்றி மண்டபத்தில் யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை. போனை எடுத்து இயக்கத்தின் உதவி எண்ணை அழுத்தினார்.

வீணை வாசித்தது. ஒரு பெண் குரல் வரவேற்றது. நெருக்கடி சாதாரணமானது என்றால் ஒன்றை அழுத்தவும், கடுமையானது என்றால் இரண்டை அழுத்திப் பொறுமையாகக் காத்திருக்கவும். ஜனகராஜ் இரண்டை அழுத்தினார். மறுபடி வீணை. பிறகு அந்தக் குரல் சொன்னது: "உங்கள் அழைப்பு உங்கள் வட்டார ஒருங்கிணைப்பாளருக்கு மாற்றப்படுகிறது."

எதிரே கிரிதரனின் சட்டைப்பையில் போன் அடித்தது.

இருவரும் அதைப் பார்த்தார்கள். கிரிதரன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் போனை எடுத்துக் காதில் வைத்தான். "வணக்கம், மனத்துணை இயக்கம். சொல்லுங்க."

ஜனகராஜ் போனைக் கீழே வைத்திருக்கலாம். ஏனோ வைக்கத் தோன்றவில்லை. அவன் முகத்தைப் பார்த்துக் கேட்க முடியாததைப் போனில் கேட்டுவிடலாம்போல் இருந்தது. "சார், இங்க ஒரு தம்பி ரொம்ப ஒடைஞ்சு போயிருக்காரு. எனக்கு என்ன செய்யிறதுன்னு தெரியல."

"பதறாதீங்க. அவர் பக்கத்துலயே இருங்க," என்றான் கிரிதரன் போனில். குரல் தெளிவாக, அன்பாக இருந்தது. "தன்னைத்தானே ஏதும் பண்ணிக்கணும்னு நெனைப்பு இருக்கான்னு அவர்ட்டயே நேரடியாக் கேளுங்க. கேக்குறதுனால தப்பு ஒண்ணும் வந்துறாது."

ஜனகராஜ் போனைக் காதிலிருந்து எடுக்காமலே கேட்டார். "இருக்கா தம்பி?"

வெளியே யாரோ வண்டியில் ஹாரன் அடித்துக்கொண்டு போனார்கள். கிரிதரன் ஆமென்று தலையை மட்டும் அசைத்தான்.

"இருக்குங்கிறாரு," என்றார் ஜனகராஜ் போனில்.

"அப்படின்னா அவரைத் தனியா விடாதீங்க," என்றான் கிரிதரன். அவனுக்குக் குரல் போய்க்கொண்டிருந்தது. "இப்பவே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. மனநலத்துக்குத் தனி டாக்டர் இருக்காங்க. அவர் வேணாம்னு சொல்லுவாரு. விட்டுறாதீங்கண்ணே."

"விட மாட்டேன்."

கிரிதரன் போனை அணைத்தான். பிறகு "வேணாம்ணே, சரியாப் போயிரும்," என்றான்.

ஜனகராஜ் மில் ஷட்டரை இழுத்துப் பூட்டினார். அதற்குள் அவர் வீட்டு மொழிக்கு மாறியிருந்தார். கிரிதரனும் பரமக்குடியில் அதே சௌராஷ்டிரப் பேச்சில் வளர்ந்தவன்தான். இத்தனை மாதத்தில் இருவரும் ஒருநாளும் அதில் பேசிக்கொண்டதில்லை. இயக்கத்தின் சொற்கள் எதற்கும் அந்த மொழியில் வார்த்தை இல்லை. அதனால் 'சாப்பிட்டியா', 'அம்மாவுக்குத் தெரியுமா', 'வா என்கூட' என்று மட்டும்தான் பேச முடிந்தது.

ஜனகராஜ் போன் பண்ணியதும் பாதுஷா ஏறியிருந்தவர்களை இறக்கிவிட்டு ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு வந்தார். கிரிதரனைப் பார்த்ததும் பாட்டை நிறுத்தினார்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் அம்மா இருந்தார். வரிசை நீளமாக இருந்தது. இருந்தும் கிரிதரனை உட்காரவைத்து நெடுநேரம் பேசினார். பிறகு ஜனகராஜைக் கூப்பிட்டார். "இன்னைக்கே கூட்டிட்டு வந்தது நல்லது. மாத்திரை குடுத்துருக்கேன், வாரா வாரம் வரணும். கொஞ்ச நாளைக்குத் தனியா ரூம்ல விடாதீங்க. வேலைக்கு லீவு போடச் சொல்லுங்க."

"ஆறு அகரம் முடிச்சுட்டேன் மேடம். ஏழாவது மட்டும் பாக்கி," என்றார் ஜனகராஜ்.

டாக்டர் அவரையும் ஒருமுறை கவனமாகப் பார்த்தார். "நீங்க தூங்குறீங்கள்ல?" என்று கேட்டார்.

கிரிதரன் ஜனகராஜின் வீட்டு மாடியில் தங்கினான். பத்மாசினி இட்லி கொடுத்துவிட்டு அவன் சாப்பிடும்வரை எதிரில் நின்றாள். பரமக்குடியிலிருந்து அவன் அம்மா வந்து சேர்ந்தார். எல்லாம் ஒழுங்காக நடந்தது, லீவு கேட்டது தவிர.

"மனநலக் காரணமா?" என்றார் நல்லகாமன் போனில். அது ஸ்பீக்கரில் இருந்ததால் ஜனகராஜுக்கும் கேட்டது. "என்ன கிரிதரன், யோசிச்சுத்தான் பேசுறீங்களா? மனத்துணை ஆபீஸ்லயே ஒருத்தன் மனசு சரியில்லன்னு லீவு போட்டா நாளைக்கு எவன் நம்மள மதிப்பான்? வயித்துப்போக்குன்னு எழுதுங்க. வயித்துப்போக்குக்கு ரெண்டு நாள் தாரேன். ஆண்டு விழா வேலை அப்படியே கெடக்கு."

போனை வைத்ததும் கிரிதரன் சொன்னான். "என் விசயம் யாருக்கும் தெரிய வேணாம்ணே."

"என் வாயில வராது," என்றார் ஜனகராஜ்.

ஆனால் ஆப் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தது. துணைவர் ஒருவர் உதவி எண்ணை அழைத்ததும், கடுமை என்று அழுத்தியதும், அழைப்பு கடைசிவரை துண்டிக்கப்படாமல் இருந்ததும் தானாகவே பதிவாகிவிட்டன. ஜனகராஜின் போனில் அழுதுகொண்டிருந்த முகம் பச்சையாகி, அதன்மேல் பூக்கள் கொட்டின. மாவட்டத்திலேயே உண்மையான முதல் மீட்பு அதுதான் என்று ஆபீஸில் எல்லோருக்கும் தெரிந்தது. மற்றப் பதிவுகள் எப்படி வந்தன என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

நல்லகாமன் ஓடி வந்தார். சந்து முழுக்க நடந்து, வேர்க்க விறுவிறுக்க. "யாரு அந்த ஆளு? விழாவுல மேடை ஏத்தணும். சென்னையிலருந்து மேலதிகாரி அம்மா வர்றாங்க."

"அதைச் சொல்லக் கூடாதுன்னு நீங்கதான சார் பயிற்சில சொன்னீங்க?"

"வெளியாள்ட்ட சொல்லக் கூடாது. மேடையில சொல்றதுக்கு என்ன?"

ஜனகராஜ் மெஷினைப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தார். நல்லகாமன் கெஞ்சினார், மிரட்டினார், அப்புறம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "என் நெலமை உங்களுக்குத் தெரியாது. சென்னையிலருந்து வெள்ளன அஞ்சு மணிக்கே மெசேஜ் வரும். மதுரை ஏன் பின்தங்கியிருக்கு, மதுரை ஏன் செவப்பா இருக்குன்னு. என் ஆப்லயும் ஒரு மூஞ்சி இருக்குய்யா. அது ஒரு வருசமா அழுகுது. பிரஷர் மாத்திரை ரெண்டாச்சு. தூங்கி எம்புட்டு நாளாச்சு தெரியுமா? வீட்ல சொன்னா, ஊருக்கே புத்தி சொல்றவரு உங்களுக்கென்னங்கிறா." மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஜனகராஜ் அதை நிறுத்தினார். நல்லகாமன் வெகுநேரம் பேசிவிட்டு, பேசியதை நினைத்துக் கூச்சப்பட்டவர்போல் சட்டென்று எழுந்து போய்விட்டார்.

ஆண்டு விழா அதே மண்டபத்தில் நடந்தது. துணைவர்கள் எல்லோரும் நீல டிசர்ட்டில் வந்திருந்தார்கள். வயிற்றுப்போக்கிலிருந்து மீண்டதாகக் கருதப்பட்ட கிரிதரன் நாற்காலி போட்டு, மாலை வாங்கி, மைக் சரிபார்த்து, மேடை ஓரத்தில் சால்வைத் தட்டோடு நின்றான். மேலதிகாரி அம்மா முன்வரிசையில் நடுவில் இருந்தார்.

நல்லகாமன் அன்று மிக நன்றாகப் பேசினார். "மனநலச் சிக்கலை மறைக்கிறவன்தான் இந்தச் சமூகத்தின் மிகப் பெரிய நோயாளி! அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? நாளைக்கே எனக்கு வந்தால், நான் இதே மேடையில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்! இன்னொன்றும் சொல்கிறேன். பாதிக்கப்பட்டவர் முதலில் என்ன சொல்வார்? 'நான் நல்லாத்தான் இருக்கேன்' என்பார். அதுதான் முதல் அறிகுறி! அதை நம்பி விட்டுவிடாதீர்கள்!"

மேலதிகாரி அம்மா எழுந்தே கைதட்டினார்.

ஜனகராஜை மேடைக்கு அழைத்தார்கள். நல்லகாமன் அவர் தோளில் கைபோட்டு மைக்கை நீட்டினார். "மாவட்டத்தின் சிறந்த துணைவர்! சொல்லுங்க ஐயா. நீங்கள் மீட்ட அந்த மனிதர் இந்த அரங்கில் இருக்கிறாரா, இல்லையா?"

ஜனகராஜுக்குப் பொய் வராது. வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று பயந்து, "இருக்காரு," என்றார்.

அரங்கம் ஆவென்றது. சால்வைத் தட்டு ஆடியது. கிரிதரனின் முகம் வெளுத்துப்போனதை ஜனகராஜ் பார்த்தார். கேமராக்காரர் கேமராவைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினார்.

"யார் என்று கை காட்டுங்கள்!"

காட்டித்தான் ஆக வேண்டும் என்றாகிவிட்டது. ஜனகராஜ் கூட்டத்தைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். பிறகு தன் தோளில் கிடந்த கையைப் பார்த்து, அந்தக் கைக்குரியவரைக் காட்டினார்.

"சார்தான். தூக்கமே இல்லன்னு எங்க மில்லுல வந்து ரொம்ப நேரம் பேசுனாரு. கேட்டுக்கிட்டே இருந்தேன். பாவமா இருந்துச்சு."

நல்லகாமன் சிரிக்க முயன்றார். "இல்ல, அது வந்து... நான் நல்லாத்தான் இருக்கேன்."

கூட்டம் முழுவதும் "ஆகா" என்றது. மேலதிகாரி அம்மா மேடையேறி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "எவ்வளவு துணிச்சல் மிஸ்டர் நல்லகாமன்! சொன்னபடியே இந்த மேடையிலேயே..." என்று கண் கலங்கினார்.

முதலில் எழுந்தது யார் என்று தெரியவில்லை. பொய்ப் பதிவு போட்டவர்கள் உட்பட இருநூறு பேருக்கும் முகம் மறுபடி சிவந்திருந்தது. மாத முடிவு நெருங்கிக்கொண்டிருந்தது. பயிற்சி முடிந்ததிலிருந்து யாருமே ஒரு ஆளைக் கண்ணால் கண்டதில்லை. நீல டிசர்ட்டுகள் அலையாக மேடையேறின. அணுகினார்கள். இடம் இருந்த அளவுக்கு அமர்ந்தார்கள். "என் பேரு சங்கிலி, நான் ஒரு மனத்துணைவர்." "என் பேரு ஒச்சாயி, நான் ஒரு மனத்துணைவர்." ஒவ்வொருவராக அறிமுகம் செய்துகொண்டு, ஒவ்வொருவராக அவர் முகத்தையே பார்த்து அமைதி காத்து, போனை எடுத்து அப்டேட் செய்துவிட்டு அடுத்தவருக்கு வழிவிட்டார்கள். ஆறுதலை யாரும் சொல்லவில்லை. ஆப்ஷனல்.

நல்லகாமன் முதலில் அதட்டினார். பிறகு நல்லாத்தான் இருக்கேன், நல்லாத்தான் இருக்கேன் என்றார். சொல்லச் சொல்ல வரிசை நீண்டது. இருபதாவது ஆளோ முப்பதாவது ஆளோ உற்றுப் பார்த்தபோது, அவர் நாற்காலியில் சரிந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, விம்மி விம்மி அழ ஆரம்பித்தார்.

நிஜமான அழுகை. எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். இதற்கு மேல் பயிற்சியில் எதுவும் இல்லை. கேமராக்காரர் மட்டும், "சார், கையை லேசா எடுங்க, மூஞ்சி தெரியல," என்றார்.

சால்வைத் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கிரிதரன் வந்தான். கேமராவின் வாயைக் கையால் மூடினான். "எல்லாரும் கீழ இறங்குங்க," என்று அவன் சொன்ன குரலில் மேலதிகாரி அம்மாவும் இறங்கிவிட்டார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"என்னால முடியலய்யா கிரிதரன்," என்றார் நல்லகாமன்.

"தெரியும் சார். அழுங்க. நான் இங்கதான் இருக்கேன்."

மண்டபக்காரர் வந்து நேரமாகிறது என்றார். பாதுஷா அவரைத் தள்ளிக்கொண்டு போய் வெளியே நிறுத்திவைத்தார். வெகுநேரம் கழித்து ஜனகராஜும் சேர்ந்து மூவருமாக நல்லகாமனை ஆட்டோவில் ஏற்றி, அந்த டாக்டர் அம்மாவிடமே கூட்டிக்கொண்டு போனார்கள்.

கிரிதரன் மறுவாரம் வேலையை விட்டுவிட்டு, அம்மாவோடு பரமக்குடிக்குப் போய்ச் சில மாதம் இருந்தான். மாத்திரையை விடவில்லை. இப்போது காளவாசலில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் இருக்கிறான், நன்றாகத் தூங்குகிறான். நல்லகாமன் நீண்ட லீவில் போனார்.

வரிசையில் முறை வராதவர்களும் கீழே நின்றே அப்டேட் செய்திருந்தார்கள். அந்த மாதம் மதுரை மாவட்டத்தில் இருநூற்றுப் பதினோரு பேர் மீட்கப்பட்டதாக இயக்கம் அறிவித்தது. அத்தனை பேருக்கும் ஒரே பெயர், ஒரே வயது, ஒரே விலாசம் என்பதைச் சென்னையில் யாரும் கவனிக்கவில்லை. மாநிலத்திலேயே முதலிடம் என்று பெரிய கண்ணாடிக் கேடயம் அனுப்பினார்கள். அது வந்த அன்று ஆபீஸில் வாங்கிக்கொள்ள ஆள் இல்லாததால், கூரியர்காரர் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கொடுத்துவிட்டுப் போனார். நல்ல கனம், பேப்பர் கட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது. காற்றில் பேப்பர் பறப்பது நின்றிருக்கிறது. மனத்துணை இயக்கத்தால் தனக்கு நேரடியாகப் பலன் கிடைத்ததாக அந்தக் கடைக்காரர் மட்டும் சொல்கிறார்.